சங்கிலியை வெட்டிய பிறகு

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு வீட்டில் நாய் ஒன்றைத் தண்ணீர்க் குழாயில் கட்டிப்போட்டிருந்தார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தெரியும். மழை பெய்தாலும் அங்கேதான், வெயில் அடித்தாலும் அங்கேதான். குரைத்தால் உள்ளிருந்து ஒருவர் துடைப்பக் கட்டையோடு வருவார். மூன்று வாரம் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் செய்த தப்புகளில் பாதி அந்தக் குற்ற உணர்ச்சியில் செய்தவை. மூன்று வாரத்தை மூன்று நாளில் ஈடுகட்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்க் கதவைத் தட்டினேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். ஆனால் கதவைத் திறந்தவரைப் பார்த்ததும், இவரிடம் கத்தினால் நாய்க்குத்தான் இரவில் அடி விழும் என்று தோன்றியது. "நாய் ரொம்ப மெலிஞ்சிருக்கு, உங்களால பார்த்துக்க முடியலைன்னா நான் எடுத்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க, சனியன் விட்டுச்சு" என்றார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவரையும் ஒரு கம்பி வெட்டும் கருவியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பத்து நிமிடத்தில் நாய் எங்கள் காரில் இருந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு காரியங்களைச் செய்யாமல் விட்டேன். நாயை எனக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வாங்கவில்லை. கட்டியிருந்த இடத்தையும் நாயையும் படம் எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, புண் ஆறி, மேலே முடி முளைத்து, பார்க்க நாய் மாதிரி ஆன பிறகு, அந்த வீட்டுக்காரரின் அண்ணன் வந்து நின்றார். "அது என் நாய், தம்பிகிட்ட விட்டுட்டுப் போயிருந்தேன்" என்றார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் மருத்துவரின் சீட்டுதான். அதில் முதல் நாள் எடை, கழுத்துப் புண்ணின் ஆழம் எல்லாம் எழுதி, அறுவைக்கு முன் எடுத்த படமும் இணைத்திருந்தார். இதை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம் போகலாம் என்று சொன்ன பிறகுதான் அவர் போனார். அவர் போன பிறகு எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நாயைத் தொடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்: கட்டியிருந்த இடம், தண்ணீர்ப் பாத்திரம், புண், முழு உடம்பு, எல்லாவற்றையும் தேதியோடு. இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைத்து உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும், அதில் 15 இலக்க எண் ஒன்று. அந்தச் சிப் இடம் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காட்டாது. ஸ்கேனர் வைத்தால் எண் தெரியும், அவ்வளவுதான்.

சங்கிலியின் தொங்கிய பகுதியைத்தான் நாங்கள் வெட்டியிருந்தோம். கழுத்தைச் சுற்றியிருந்தது தோலுக்குள் புதைந்து போயிருந்தது. குட்டியாக இருந்தபோது போட்டதை யாரும் தளர்த்தவே இல்லை, நாய் வளர்ந்தது, சங்கிலி வளரவில்லை. காரில் வரும்போதே அதை இழுத்து எடுக்கலாமா என்று பார்த்தேன். நல்லவேளை, என் கணவர் கையைத் தட்டிவிட்டார். அப்படிப் புதைந்த சங்கிலியையோ பட்டையையோ வீட்டில் வைத்து எடுக்கவே கூடாது. மயக்கம் கொடுத்து, மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுக்க வேண்டிய வேலை அது. கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக் குழாய்கள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கொடுப்பதும் கூடாது. ஐபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் கல்லீரலை.

அன்று அவன் எடை 12 கிலோ. இருக்க வேண்டியது 20-க்கு மேல் என்றார்கள். விலா எலும்பு, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு எல்லாம் தூரத்திலிருந்தே எண்ணும்படி இருந்தன. நாயின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. 4, 5 என்றால் நல்ல உடல். இவனுக்கு 1 போட்டிருந்தார்கள். கழுத்தில் தையல் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நல்லா சாப்பிடக் குடுங்க, தேறிடும்" என்றார் அங்கிருந்த ஒருவர்.

நான் நல்லா சாப்பிடக் கொடுத்தேன். எழுதவே சங்கடமாக இருக்கிறது. பாத்திரம் நிறைய வைத்தேன், ஒரு நிமிடத்தில் காலி. மறுபடி வைத்தேன், காலி. அழுதுகொண்டே மூன்றாவது தடவையும் வைத்தேன். பட்டினி கிடந்த உயிருக்கு வயிறாரப் போடுவதில் என்ன தப்பு இருக்க முடியும்? இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. கால் பின்னியது, மூச்சு வேகமாக வாங்கியது, சிறுநீர் கறுத்துப் போனது. வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு சாப்பிடக் கொடுத்தீங்க?"

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நெடுநாள் பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறைய உணவு, முக்கியமாக மாவுச்சத்து, உள்ளே போனால் இன்சுலின் எகிறும். சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஏற்கனவே கையிருப்பு இல்லாத உடம்பு. பாஸ்பரஸ் அடிமட்டத்துக்குப் போனால் சிவப்பணுக்கள் உடையும், இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பலர், வயிறார உணவு கிடைத்த பிறகு இறந்துபோனதிலிருந்துதான் இதை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது. எனக்கு இது எதுவுமே தெரியாது.

சரியான முறை என்ன என்று அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 கலோரி வேண்டும். முதல் நாள் அதில் கால்வாசிதான், அதுவும் ஆறேழு சின்ன வேளைகளாகப் பிரித்து. அடுத்த நாள் பாதி. ஒத்துக்கொண்டால் நான்கு, ஐந்து நாளில் முழு அளவு. எடை ஏற்றும் ஆசையெல்லாம் அதற்குப் பிறகு. இடையில் ரத்தத்தில் உப்புகளின் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக ஒரு நாயைத் தூக்கி வந்தால், முதல் கவளம் வைப்பதற்கு முன் மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

நான்கு நாள் உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். என் ஒன்றரை மாதச் சம்பளம் போனது. பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் முத்து என்று பெயர் வைத்தோம். பழைய பெயர் தெரியும், ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடித்திருக்கிறார்கள். மீட்டு வந்த நாய்க்குப் பெயரை மாற்றினால் குழம்பிப் போகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு வால் ஆடுகிறதா, ஒடுங்குகிறதா என்று பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஏற்கனவே ராணி என்ற நாய் இருந்தாள், வயதானவள், பத்து வயதுக்கு மேல். தனிமைப்படுத்த வேண்டும் என்று எனக்குக் கேள்விஞானம் உண்டு. ஆனால் முத்து தனியாக ஒரு அறையில் கிடக்கிறானே என்று ஐந்தாம் நாளே கதவைத் திறந்துவிட்டேன். பத்து நாளில் ராணி காதைச் சொறிய ஆரம்பித்தாள். அப்புறம் என் மகன். அப்புறம் நான். முத்துவின் சொறியை முதலில் சுரண்டிப் பார்த்தபோது பூச்சி எதுவும் தெரியவில்லை, அதனால் தொற்றாத வகைதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். நாய்ச் சொறியில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. டெமோடெக்ஸ் என்ற சிலந்திப்பேன் வகையால் வருவது மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் சாதாரணமாக ஒட்டாது. சார்கோப்டிஸ் வகை எல்லோருக்கும் ஒட்டும், ஆனால் சுரண்டிப் பார்த்தால் பல நேரம் கண்ணில் படாது. காது மடலின் ஓரத்தை விரலால் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் இந்த வகையைச் சந்தேகிக்க வேண்டும் என்று பிறகு அறிந்தேன். அது மனிதத் தோலில் குடித்தனம் பண்ணாதாம், நாய்களுக்குச் சிகிச்சை கொடுத்தால் நமக்குத் தானே போய்விடும். போனது. ஆனால் அதற்குள் இரண்டு வாரம் வீட்டுப் படுக்கை, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசினேன். அலுவலகத்தில் நான் சொறிந்துகொள்வதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

சொறியோடு போனதே அதிர்ஷ்டம். பார்வோ போன்ற கிருமி வந்திருந்தால், தடுப்பூசி போடாத குட்டி வீட்டில் இருந்திருந்தால், கதை வேறு. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் அதற்கு மருந்து. 14 நாள் தனி அறை, தனிப் பாத்திரம், உள்ளே போக ஒரு தனிச் சட்டை. மனசு கேட்காது. கேட்காவிட்டால் பரவாயில்லை.

உடம்புக் கதை இவ்வளவுதான். மனசுக் கதைதான் நீளம். முத்து கட்டிலுக்கு அடியில் சுவரோரம் போய் ஒடுங்கினான், வெளியே வரவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பிடுவான், அங்கேயே ஒரு மூலையில் மலம் கழிப்பான். நான் என்ன செய்தேன்? தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, கண்ணைப் பார்த்து, கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டேன். தோழிகள் பார்க்க வந்தார்கள், ஆளுக்கொரு முறை குனிந்து பார்த்தார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று இழுத்து வந்து குளிப்பாட்டினேன். குளிக்கும்போது அசையாமல் நின்றான். "பாரேன், எவ்வளவு சமர்த்து" என்று எல்லோரும் சொன்னோம். மருத்துவமனையிலும் அப்படித்தான், ஊசி போட்டாலும் அசைய மாட்டான்.

அது சமர்த்து இல்லை. 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களைப் பிறகு ஒரு தாழ்ந்த தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் அதிர்ச்சி நின்றுவிடும். பெரும்பாலானவை குதிக்கவே இல்லை, படுத்து முனகின. என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது என்று கற்றுக்கொண்டுவிட்டன. அந்த நாய்களை நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் குளியலறையில் முத்து நின்ற நிலை எனக்குப் புரிந்தது அதைப் படித்த பிறகுதான். மீட்டு வந்த முதல் வாரத்தில் நாய் ரொம்ப அமைதியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, இவையெல்லாம் "விட்டுவிடு" என்று அது சொல்லும் விதங்கள். நான் அத்தனையையும் பார்த்தேன், ஒன்றையும் படிக்கத் தெரியவில்லை.

அடுத்து அவன் உறுமினான். நான் "ஏய்!" என்று அதட்டினேன். நன்றி கெட்டவன் என்றுகூட நினைத்தேன், மறைப்பானேன். அதட்டியதும் உறுமல் நின்றது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் மருத்துவரிடம் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுத்தேன். சத்தமே இல்லாமல் கடித்தான். வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பு வரை. உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை மணி. மணியை நான்தான் கழற்றி வைத்தேன். உறுமினால் அதட்டாதீர்கள், ஒரு அடி பின்னால் போங்கள். அப்படிப் போனால் அது உறுமிக் காரியம் சாதிக்கப் பழகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். சாதித்துவிட்டுப் போகட்டும், கடியைவிட மேல்.

கடித்தவுடன் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், உத்தேசமாக இல்லை. கட்டுப் போடுவதோ மஞ்சள் வைப்பதோ அப்புறம்கூட வேண்டாம், நேராக மருத்துவமனை. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அதனால் நம் நாய்தானே என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆழமான கடி என்பதால் எனக்குப் புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) போட்டார்கள், தடுப்பூசி வரிசையும் டெட்டனஸ் ஊசியும் தனி. நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்தோம், அவனுக்கு ஒன்றும் இல்லை. என்னை உறுத்தியது வேறு விஷயம். நாய் மீட்கப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அப்படிப் போட்டிருந்தால் கடித்த பிறகு இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடிக்குப் பிறகு வீட்டில் நிலைமை மாறியது. ஒன்பது வயதுப் பையன் இருக்கும் வீடு. கணவர் அதிகம் பேசவில்லை, பேசாததே பேச்சாக இருந்தது. நான் அவசர அவசரமாக ஒரு பயிற்சியாளரைப் பிடித்தேன். அவர் வந்து, "இது உங்களை அடக்கப் பார்க்குது, யார் தலைவர்னு காட்டணும்" என்று முத்துவைப் புரட்டி மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அழுத்திப் பிடித்தார். தையல் பிரிந்து ஆறிய கழுத்து. முத்து அங்கேயே சிறுநீர் கழித்தான். நான் "வேண்டாம்" என்று சொல்லச் சில வினாடிகள் ஆயின, அந்தச் சில வினாடிகளுக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம். முழுக் கட்டணத்தையும் கொடுத்து அனுப்பினேன். மூன்று வார முன்னேற்றம் ஒரு நிமிடத்தில் போனது. இந்தத் 'தலைவர்' கதை 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் தொடங்கியது. அதைப் பரவச் செய்தவர்களில் ஒருவரான டேவிட் மீச் பின்னாளில், 1999-இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், அங்கே இப்படிப்பட்ட அதிகாரப் போட்டி கிடையாது என்று எழுதிவிட்டார். தலைவர், அடக்குதல் என்ற வார்த்தைகளோடு யாராவது வந்தால் கட்டணத்தைக் கேட்காமலே வழியனுப்பிவிடுங்கள்.

திருப்பம் என் மகனிடமிருந்து வந்தது. ஒரு மாலை அவன் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டியபடி வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். நான் கதவருகே வந்தேன். முத்து பாதி உடம்பு வெளியே வந்து அவன் முதுகை மோந்துகொண்டிருந்தான். "அம்மா, பார்க்காதே" என்றான் பையன், வாயசைவில். "பார்த்தா போயிடும்." எத்தனை நாளாக இப்படி என்று பிறகு கேட்டேன். நாலு நாளாக என்றான். எனக்குச் சொன்னால் நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லவில்லையாம். சரியாகத்தான் கணித்திருக்கிறான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான்: பார்க்காதே. அறைக்குள் போவோம், முதுகைக் காட்டி உட்காருவோம், எதையாவது படிப்போம், வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்றைத் திரும்பாமலே பின்னால் போடுவோம், வந்துவிடுவோம். கையை நீட்டி ஊட்டுவதில்லை. பசிக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு நம் கை வரை வருகிற நாய், சாப்பிட்டு முடித்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துத் திடுக்கிடும். கடி அங்கேதான் நடக்கும். ஆசையாக இருந்தால் போனில் படம் எடுக்க வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் முறையாக அவன் கால் நீட்டி, பக்கவாட்டில் படுத்துத் தூங்கியதை நான் அப்படித்தான் பார்த்தேன். ஐம்பத்து மூன்றாம் நாள்.

துடைப்பக் கட்டையைக் கண்டால் அவனுக்கு வரும் பயத்தை எப்படிப் போக்கினோம் என்றும் சொல்ல வேண்டும். அறைக்கு வெளியே, அவன் கண்ணில் படும்படி, ஆனால் ரொம்பத் தொலைவில், கட்டையைச் சுவரில் சாய்ப்பேன். அவன் பார்த்ததும் இறைச்சி. கட்டையை எடுத்துவிட்டால் இறைச்சியும் நின்றுவிடும். இதில் வரிசை முக்கியம். கட்டை முதலில், இறைச்சி பிறகு. நான் முதலில் மாற்றிச் செய்தேன், இறைச்சியைக் காட்டிவிட்டுக் கட்டையை எடுத்தேன். விளைவு, இறைச்சியைக் கண்டாலே சந்தேகப்பட ஆரம்பித்தான். நாய்களுக்கு மணியடித்துச் சாப்பாடு போட்டுச் சோதித்த பாவ்லோவின் மணி எப்போதும் சாப்பாட்டுக்கு முன்னால் அடித்தது, பின்னால் இல்லை. நாய் சாப்பிட மறுத்தால் பொருள் மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம், தூரத்தைக் கூட்டுங்கள். இரண்டரை மாதத்தில் அவன் இருக்கும்போதே வீட்டைப் பெருக்க முடிந்தது. ஒவ்வொரு பயத்துக்கும் அடிதான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அப்போது குழாயடியைத் தவிர எதையும் பார்க்காத நாய் குடையைக் கண்டும் நடுங்கும், மிக்ஸி சத்தத்துக்கும் நடுங்கும். யாரும் அதைக் குடையால் அடித்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று தீரவில்லை. நன்றாக இருக்கும்போதே திடீரென்று முகத்தைச் சுளித்துப் பாய்வான், குறிப்பாகத் தலைப் பக்கம் ஏதாவது நெருங்கினால். பழைய நினைவு என்று நாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டோம். நான்காவது மாதம், கருத்தடைக்காக மயக்கம் கொடுத்திருந்தபோது மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். சங்கிலியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பற்களின் பின்பக்கம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. மேலே ஒரு பெரிய கடைவாய்ப்பல் பிளந்து, வேர் சீழ் பிடித்திருந்தது. நான்கு மாதமாக அந்த வலியோடுதான் எங்களோடு வாழ்ந்திருக்கிறான். பல்லைப் பிடுங்கிய இரண்டு வாரத்தில் அந்தப் பாய்ச்சல் முக்கால்வாசி நின்றது. அடிபட்ட நாயின் கோபத்தை மனசின் காயம் என்று எழுதிவிடுவதற்கு முன்னால் வாய், காது, இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே மருத்துவர்தான் பயத்துக்கு ஃப்ளூவாக்செட்டின் மாத்திரையும் எழுதினார். மாத்திரையா என்று தயங்கினேன். வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பயிற்சி இல்லாமல் மாத்திரை மட்டும் பயன்படாது, நாமாக நிறுத்தக் கூடாது என்றார். முன்பே கேட்டிருக்கலாம்.

நடுவில் ஒருநாள் தொலைந்தும் போனான். வாசலில் யாரோ மணியடிக்க, மகன் கதவைத் திறக்க, கழுத்துப் பட்டையோடு கயிறு என் கையிலேயே இருந்தது, நாய் இல்லை. பயந்த நாய் பின்னால் இழுத்தால் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். நாங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தினோம், அவன் இன்னும் ஓடினான். பயத்தில் ஓடும் நாய்க்கு வளர்த்தவர் குரலும் துரத்துகிறவர் குரல்தான். இரண்டு இரவு. கடைசியில் அனுபவமுள்ள ஒரு பெண் போனில் சொன்னபடி செய்தோம்: தேடும் கூட்டத்தைக் கலைத்தோம், ஒட்டிய காகிதங்களில் "துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், பார்த்தால் போன் செய்யுங்கள்" என்று எழுதினோம், கடைசியாகப் பார்த்த இடத்தில் அவன் படுத்த துணியும் இறைச்சியும் வைத்தோம். விடியற்காலையில் நான் அங்கே தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, மகனின் பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து என் முதுகில் ஈர மூக்குப் பட்டது. அன்றிலிருந்து உடம்பைச் சுற்றிய ஹார்னஸில் ஒரு கயிறு, பட்டையில் ஒரு கயிறு, இரண்டும் என் இடுப்பு பெல்ட்டில்.

இந்த ஒரு வருடத்தில் ஐந்து மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவானது. விடுப்பு எல்லாம் தீர்ந்தது. ஒரு கட்டத்தில் அவன் செத்துப்போனால் தேவலை என்று ஒரு இரவு நினைத்தேன், நினைத்துவிட்டு அழுதேன். இப்படி நினைப்பது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. இதே காலத்தில் ஊரில் எல்லோரும் அடிபட்ட நாய் என்றாலே எனக்குப் போன் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆறு பேருக்கு முடியாது என்றேன். ஏழாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. மருத்துவச் செலவில் பாதியை முன்கூட்டியே ஒதுக்கி, தனி அறை ஒன்றைத் தயார் செய்து, வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகே அடுத்த நாய் என்று எனக்கு நானே எழுதி வைத்திருக்கிறேன்.

முத்து இப்போது எங்களிடம் இல்லை. ராணி அவன் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அவளுக்கு நிம்மதி போய்விட்டது. மகனின் நண்பர்கள் வந்தால் அவன் கட்டிலுக்கடியில் போனான். அவனுக்கு வேண்டியது சத்தமில்லாத வீடு, அது எங்கள் வீடு இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, குழந்தைகளோ வேறு நாயோ இல்லாத வீடு. கொடுப்பதற்கு முன் ஆறு முறை அவர்களை வரச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். கடித்ததையும் பல்லையும் மாத்திரையையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒத்துவரவில்லை என்றால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, இந்த முறை கையெழுத்து வாங்கினேன்.

கூடவே நான்கு பக்கத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்: சாப்பாட்டு அளவு, மாத்திரை நேரம், எந்தச் சத்தத்துக்குப் பயம், இரண்டு கயிறு, சங்கிலி ஓசை வேண்டவே வேண்டாம். கட்டிலுக்கு அடியிலிருந்து வரும்போது பார்க்காதீர்கள் என்று அடிக்கோடிட்டு எழுதினேன். ஒன்பதாம் நாள் காலையில் அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "ராத்திரி வெளியே வந்து எங்க நடுவுல படுத்திருந்தான் போல, விரிப்புல முடி இருக்கு. நாங்க ரெண்டு பேரும் திரும்பியே பாக்கல."